ஓடாத பந்தயத்தை வைத்து ஒருவரை அளக்கலாமா?

2024 ஜூலை 26 ஆம் திகதி பாரிஸ் நகரில் ஒலிம்பிக் தொடக்கவிழா நடைபெற்றது. இங்கே நமக்கு நள்ளிரவு கடந்து அதிகாலை மூன்று மணி ஆகியிருந்தது. தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றப்போவது யார் என்று அறியாமல் தொலைக்காட்சியை நிறுத்த மனம் வரவில்லை. மழையில் நனைந்த பாரிஸ் வீதிகளில் தீபம் கைமாறிக்கொண்டே வந்தது. நூறு வயது நிறைந்த முன்னாள் சைக்கிளோட்ட வீரர் சார்ள்ஸ் கோஸ்த் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு அதனைக் கடைசி இருவரிடம் ஒப்படைத்தார். ஒருவர் ஜூடோ வீரர் ரெடி ரினேர். மற்றவர் உயர்ந்து மெலிந்த தோற்றமுடைய, ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி. மரி ஜோசே பெரெக் என்று அறிவிப்பாளர் பெயரைச் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இருவரும் சேர்ந்து தீபத்தை ஏற்ற, பெரியதொரு பலூன் துய்லறி பூங்காவிலிருந்து வானில் எழுந்தது. உலகமே அதனை அண்ணாந்து பார்த்தது. எனக்கோ பழைய கடன் ஒன்று நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எழுதவேண்டும் என்று அன்றே எண்ணினேன். இப்போதுதான் கை கூடியிருக்கிறது.

2000 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டின் ஆசிரிய பீடத்தில் இரவுக் கடமையில் இருந்தேன். போர்ச் செய்திகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த ஆண்டு அது. முதற் பக்கத்தில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, விளையாட்டுப் பக்கம் ஒன்றே மூச்சுவிட இடம் தந்தது. அங்கேதான் கொஞ்சம் சிரிக்கலாம். கொஞ்சம் கிண்டலும் செய்யலாம். சிட்னி ஒலிம்பிக்கில் ஓடவிருந்த பிரெஞ்சு வீராங்கனை பெரெக், போட்டிக்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார் என்று செய்தி நிறுவனத்தின் ஆங்கிலச் செய்தி வந்தது. பக்கத்தை முடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. செய்தியை மொழிபெயர்த்து, 'பயந்தோடிய பிரெஞ்சு ராணி' என்று தலைப்பிட்டுக் கொடுத்தேன். 'ஓடவேண்டிய இடத்தில் ஓடாமல் ஓடிப்போனார்' என்று செய்தியின் முதல் வரியிலும் ஒரு சொல் விளையாட்டு. மூத்த ஆசிரியர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்து, "நல்லாயிருக்கு தம்பி, அப்படியே போகட்டும்" என்றார். மறுநாள் நண்பர்கள் சிலரும் பாராட்டினார்கள்.

அந்தத் தலைப்பைக் குறித்து எனக்கு இன்று பெருமை இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்வதற்கு முன்னர், யாரைப் பற்றி அவ்வளவு இலகுவாக எழுதினேன் என்பதை இளைய வாசகர்களுக்கு எடுத்துரைப்பது அவசியம்.

மரி ஜோசே பெரெக் 1968 மே 9 ஆம் திகதி குவாதலூப் தீவின் பாஸ்-தேர் நகரிற் பிறந்தவர். என்னைவிட ஒரு வயது இளையவர். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்து, பதின்ம வயதில் பிரான்ஸின் பெருநிலப்பரப்புக்குச் சென்றவர். 1988 ஆம் ஆண்டு சோல் ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓடினார், இறுதிக்கு வரவில்லை. பின்னர் 400 மீற்றரைத் தனது தூரமாக ஆக்கிக்கொண்டார். 1991 இல் டோக்கியோ உலக மெய்வல்லுநர் போட்டியில் 49.13 செக்கன்களில் தங்கம். 1992 இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் 48.83 செக்கன்களில் தங்கம். 1994 இல் ஹெல்சிங்கி ஐரோப்பியப் போட்டியில் தனி ஓட்டத்திலும் 4x400 அஞ்சலோட்டத்திலும் தங்கம். 1995 இல் கோதன்பர்க்கில் மீண்டும் உலகப் பட்டம். இடையிலே ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குச் சென்று, ஜோன் ஸ்மித் என்ற பயிற்றுநரிடம் சேர்ந்திருந்தார்.

400 மீற்றர் ஓட்டத்தின் கொடுமையை ஓடிப் பார்த்தவர்களே அறிவர். 100 மீற்றரை வேகத்தால் முடித்துவிடலாம். 800 மீற்றரைத் திட்டத்தால் முடிக்கலாம். 400 மீற்றரிலோ ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடவேண்டும். ஆனால் மனித உடல் அவ்வளவு நேரம் முழு வேகத்தில் ஓடுவதற்கு உரியதன்று. முந்நூறு மீற்றர் கடந்ததும் தசைகள் இறுகத் தொடங்கும். கால்கள் தம்முடையவை அல்ல என்பதுபோல ஆகிவிடும். அந்தக் கடைசி நூறு மீற்றரில் யாரும் வேகம் கூட்டுவதில்லை. குறைவாகத் தளர்பவரே வெல்கிறார். போதாக்குறைக்கு, ஒவ்வொருவரும் தத்தமது தடத்திலேயே ஓடவேண்டும் என்பதால், வளைவு முடியும்வரை யார் முன்னே, யார் பின்னே என்பதும் சரியாகத் தெரியாது. அது ஒரு தனிமையான ஓட்டம்.

அந்த ஓட்டத்தில் பெரெக் உச்சத்தைத் தொட்டது 1996 ஆம் ஆண்டு அற்லாண்டாவிலே. தொடக்கவிழாவில் பிரான்ஸின் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. ஜூலை 29 ஆம் திகதி 400 மீற்றர் இறுதிப் போட்டியில் 48.25 செக்கன்களில் ஓடினார். ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் சராசரியாகப் பன்னிரண்டு செக்கன்களுக்குச் சற்றே அதிகம். அதுவும் நான்கு முறை இடைவிடாது. அது புதிய ஒலிம்பிக் சாதனை. இரண்டாவதாக வந்தவர் அவுஸ்திரேலியாவின் கதி ஃபிறீமன், 48.63 செக்கன்கள். ஒலிம்பிக் 400 மீற்றர் பட்டத்தை அடுத்தடுத்து இருமுறை வென்றவர் அதற்கு முன்னர் ஆண்களிலும் இல்லை, பெண்களிலும் இல்லை. மூன்று நாட்கள் கழித்து, ஓகஸ்ட் 1 ஆம் திகதி, 200 மீற்றரிலும் ஜமெய்க்காவின் மேர்லின் ஒட்டியைக் கடைசி மீற்றர்களில் முந்தி 22.12 செக்கன்களில் தங்கம் வென்றார். இரு போட்டிகளுக்குமாக ஒரு வாரத்துக்குள் எட்டு ஓட்டங்கள். 1984 இல் அமெரிக்காவின் வலரி பிறிஸ்கோ-ஹூக்ஸ் இந்த இரட்டை வெற்றியைப் பெற்றிருந்தார். ஆனால் அந்த ஒலிம்பிக்கைச் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஜேர்மனியும் புறக்கணித்திருந்தன. அற்லாண்டாவில் எல்லோரும் இருந்தார்கள்.

இருந்தும் அடுத்தநாள் உலகப் பத்திரிகைகளை நிறைத்தவர் அவரல்லர். அதே இரண்டு நாட்களில், அதே இரண்டு தூரங்களில், அமெரிக்காவின் மைக்கல் ஜோன்சனும் வென்றார். பெரெக் 200 மீற்றரை வென்று சிறிது நேரத்தில், ஜோன்சன் தங்க நிறக் காலணிகளுடன் 19.32 செக்கன்களில் ஓடி உலகையே திகைக்க வைத்தார். அந்த நேரத்தை நானும் பெரிய எழுத்தில் போட்டவன்தான். பெரெக்குக்கு ஒதுக்கியது ஒற்றைப் பத்தி. ஒரே சாதனையை ஒரே இரவில் நிகழ்த்திய இருவரில் ஒருவர் வரலாறானார், மற்றவர் குறிப்பானார். அதற்குப் பொறுப்பானவர்கள் ஓடியவர்கள் அல்லர், எழுதியவர்களாகிய நாங்கள்.

பெரெக் பிறந்த மண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். கரிபியன் கடலிலுள்ள குவாதலூப்பில் அடிமை முறையைப் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1794 இல் ஒழித்தார்கள். 1802 இல் நெப்போலியன் அதனை மீண்டும் கொண்டுவந்தான். இறுதியாக ஒழிந்தது 1848 இல். ஒருமுறை கொடுத்த விடுதலையைத் திரும்பப் பறித்த வரலாறு அந்தத் தீவினுடையது. விடுதலை பெற்றவர்கள் கரும்புத் தோட்டங்களைவிட்டு நீங்கியபோது, அவ்விடத்தை நிரப்புவதற்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் யார் தெரியுமா? புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பலேறியவர்கள். அவர்களிற் பெருந்தொகையினர் தமிழர். 1854 டிசெம்பரில் ஒரேலி என்ற முதற் கப்பல் அங்கு சேர்ந்தது. தொடர்ந்து 40,000 இற்கும் மேற்பட்டோர் சென்றனர். நமது மலையகத்துக்கு வந்தவர்களின் கதைக்கு உடன்பிறந்த கதை அது. அங்கே இன்றும் மாரியம்மன் வழிபாடு உண்டு. அந்த மக்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைப்பதற்காக ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்காடினார். குடியுரிமை என்ற சொல்லின் பாரத்தை நம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை.

1946 இல் குவாதலூப் பிரான்ஸின் ஒரு மாவட்டமாக ஆக்கப்பட்டது. சட்டப்படி அங்குள்ளவர் அனைவரும் பிரெஞ்சுக் குடிகள். சட்டத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையிலே எப்போதும் ஒரு கடல் இருக்கிறது. 1963 முதல் 1981 வரை, தீவுகளிலிருந்து மக்களைப் பெருநிலத்துக்கு அழைத்து, வைத்தியசாலைகளிலும் தபாற் கந்தோர்களிலும் கீழ்நிலை வேலைகளில் அமர்த்துவதற்கென்றே ஓர் அரச அலுவலகம் இயங்கியது. அப்படிப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஒரு பெண், நாட்டின் கொடியை ஏந்திச் சென்று மூன்று ஒலிம்பிக் தங்கங்களைக் கொணர்ந்தார். பிரான்ஸின் மெய்வல்லுநர் வரலாற்றில் வேறெவருக்கும் வாய்க்காத பேறு அது. வெல்லும்வரை அவர் பிரெஞ்சு வீராங்கனை. பத்திரிகைகள் செல்லமாக அவரை 'மான்' என்றன. பேச்சிலே நிமிர்வு காட்டியபோது 'தலைக்கனம் பிடித்தவர்' என்றன. பயிற்றுநரை மாற்றியபோது 'நிலையற்றவர்' என்றன. ஆண் வீரர் ஒருவர் இதையெல்லாம் செய்திருந்தால் 'உறுதியானவர்' என்றுதான் நாம் எழுதியிருப்போம் என்பதை என் முப்பது வருட அனுபவத்தில் தயங்காமல் சொல்வேன்.

அற்லாண்டாவுக்குப் பின்னர் அவருக்கு நல்ல காலம் வரவில்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தந்த நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. பருவங்கள் வீணாயின. மீண்டு வந்தவர், ஜேர்மனியின் ரொஸ்ரொக் நகருக்குச் சென்று வொல்ஃப்காங் மையரிடம் பயிற்சி பெற்றார். 1985 இல் 400 மீற்றரை 47.60 செக்கன்களில் ஓடி இன்றுவரை முறியடிக்கப்படாத உலக சாதனையை நிலைநாட்டிய மரீற்றா கொக்கின் கணவரும் பயிற்றுநருமே இந்த மையர். கிழக்கு ஜேர்மனியில் அரசே ஊக்கமருந்து கொடுத்து வீரர்களை வளர்த்தது பின்னர் அம்பலமானமையால், பெரெக்கின் இந்தத் தெரிவும் விமர்சனத்துக்கு உள்ளானது. அந்த விமர்சனத்தில் நியாயமில்லை என்று நான் கூறமாட்டேன். ஆனால் பெரெக் ஊக்கமருந்து உட்கொண்டதாக எந்தச் சோதனையும் கூறியதில்லை என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இந்நிலையிற்றான் சிட்னி வந்தது. மறுபக்கத்தில் கதி ஃபிறீமன். 1997 இலும் 1999 இலும் உலகப் பட்டம் வென்றவர்; அவுஸ்திரேலியப் பழங்குடிப் பெண்; தொடக்கவிழாவில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவர். ஒரு நாடு முழுவதும் தன் பழைய பாவங்களுக்கான பிராயச்சித்தத்தை அந்த ஒரு பெண்ணின் தோளில் ஏற்றி வைத்திருந்தது. அந்தக் கதையிலே பெரெக்குக்கு ஒதுக்கப்பட்டிருந்தது வில்லி வேடம். விமானத்தால் இறங்கிய நேரத்திலிருந்தே கமெராக்கள் அவரைத் துரத்தின. 400 மீற்றர் தகுதிகாண் ஓட்டங்கள் தொடங்குவதற்கு முன்னரே அவர் சிட்னியைவிட்டுப் புறப்பட்டார். ஹோட்டலில் ஒருவன் வந்து தன்னை அச்சுறுத்தினான் என்று கூறினார். அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று செய்திகள் வந்தன. வழியில் சிங்கப்பூர் விமான நிலையத்தில் அவருடைய துணைவருக்கும் கமெராக்காரர் ஒருவருக்கும் இடையே கைகலப்பும் நிகழ்ந்தது. அவ்வளவுதான், உலகப் பத்திரிகைகளுக்குத் திருவிழா. அவரைக் கோழியோடு ஒப்பிட்ட பத்திரிகையும் உண்டு. வென்றபோது மான், விலகியபோது கோழி. இரண்டிலும் மனுஷி என்ற நிலை கிடைக்கவில்லை.

செப்டெம்பர் 25 ஆம் திகதி ஃபிறீமன் 49.11 செக்கன்களில் வென்றார். ஒரு தேசமே அழுதது. அது மகத்தான வெற்றி, அதில் ஐயமில்லை.

பெரெக் செய்தது முழுக்கச் சரி என்று நான் வாதாட வரவில்லை. தன் நாட்டு அணியைக் கைவிட்டு, நாலாண்டாகக் காத்திருந்த இரசிகர்களுக்கு முகம் கொடுக்காமல் போனது குறைதான். ஃபிறீமனின் வெற்றிக்கும் அது ஒரு குறை வைத்தது. 'பெரெக் ஓடியிருந்தால்' என்ற கேள்வி இன்றும் முற்றாக மறையவில்லை. ஓட வந்தவர் ஓடவேண்டும், தோற்றாலும் ஓடவேண்டும் என்பது விளையாட்டின் தருமம். இதனைச் சொல்பவர்களோடு எனக்குப் பிணக்கில்லை.

எனது பிணக்கு எங்களோடுதான். ஒருவர் 'நான் அஞ்சுகிறேன்' என்று சொன்னால், அதற்குச் சான்று உண்டா என்று கேட்பது செய்தியாளனின் கடமை. சான்று இல்லை என்றதும் சிரிப்பது அவனுடைய கடமை அன்று. அறைக்கு வந்து யாரும் மிரட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நோயிலிருந்து முழுதாக மீளாத உடல், தன் தோல்விக்காகக் காத்திருக்கும் பேரரங்கு, வாசலிலே கமெராக்கள் என்றிருக்கும்போது, அச்சம் பொய்யாகிவிடுமா? அச்சத்தைப் பற்றி அந்தக் காலத்துக் கொழும்பில் வாழ்ந்த தமிழனுக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது விரல் நடுங்கியவன் நான். அந்த நடுக்கத்துக்கு யாராவது சான்று கேட்டிருந்தால் என்னிடமும் எதுவும் இருந்திராது. அப்படிப்பட்டவன் இரவு ஒன்பதரை மணிக்கு மேசையில் அமர்ந்துகொண்டு, இன்னொருவரின் அச்சத்தைத் தலைப்பிலே எள்ளி நகையாடினேன்.

அதே சிட்னியின் இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். செப்டெம்பர் 28 ஆம் திகதி 200 மீற்றர் இறுதியில் நமது சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கன்களில் மூன்றாவதாக வந்து பதக்கம் வென்றார். உள்நாட்டில் தான் துன்புறுத்தப்பட்டதாக அதற்கு முன்னர் அவர் வெளிப்படையாகவே கூறியிருந்தார். அதையும் நம்பாமல் சிரித்தவர்கள் இங்கே இருந்தார்கள். பதக்கம் வந்ததும் அவர்களே மாலையுடன் நின்றார்கள். ஒரு பெண்ணின் முறைப்பாடு உண்மையாவதற்கு ஒலிம்பிக் பதக்கம் தேவையாக இருக்கிறது.

அந்தப் போட்டியில் முதலிடம் பெற்றவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். அந்த வாரத்தில் மூன்று தங்கமும் இரண்டு வெண்கலமும் வென்ற அவரது சிரித்த முகத்தைப் போடாத பத்திரிகை இல்லை. நாங்களும் வர்ணத்தில் போட்டோம். 2007 இல் அவர் ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டார். பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஆக, சிட்னியில் நாங்கள் யாரைத் தலையில் வைத்துக் கொண்டாடினோமோ அவருடைய ஓட்டங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. யாரை எள்ளி நகையாடினோமோ அவருடைய நேரம் பதிவேட்டில் அப்படியே இருந்தது. ஓடி ஏமாற்றியவருக்கு முழுப் பக்கம். ஓடாமற் போனவருக்கு ஏளனம். எங்கள் தராசு அன்று அவ்வளவு நுட்பமாக இருந்தது.

பெரெக் அதன்பின் ஒலிம்பிக்கில் ஓடவேயில்லை. 2004 இல் ஓய்வை அறிவித்தார். நெடுங்காலம் அவரைப் பற்றி எழுதப்பட்ட எந்தக் கட்டுரையும் சிட்னியிலிருந்தே தொடங்கியது. மூன்று தங்கங்களை வென்ற ஓட்டங்கள் மூன்றையும் கூட்டினாற்கூட இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. அந்த இரண்டு நிமிடங்களுக்குப் பின்னால் இருந்தது பத்து வருட உழைப்பு. அதையெல்லாம் ஒரு விமானப் பயணம் மூடி மறைத்துவிட்டது.

அற்லாண்டாவில் அவர் நிலைநாட்டிய 48.25 செக்கன் ஒலிம்பிக் சாதனை சிட்னி, ஏதென்ஸ், பீஜிங், இலண்டன், ரியோ, டோக்கியோ ஆகிய ஆறு ஒலிம்பிக்குகளைக் கடந்து நின்றது. கடைசியில் 2024 ஓகஸ்ட் 9 ஆம் திகதி, டொமினிக்கன் குடியரசின் மரிலெய்டி போலினோ 48.17 செக்கன்களில் ஓடி அதனை முறியடித்தார். எங்கே? பாரிஸில். பெரெக் ஏற்றிய தீபத்தின் கீழ். இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்த சாதனை, அவர் தீபமேற்றிய பதினான்காம் நாள், கரிபியன் கடலின் இன்னொரு மகளிடம் போய்ச் சேர்ந்தது.

அந்த மழையிரவில் பிரான்ஸ் தன் மகளை மன்னித்தது என்று சிலர் எழுதினார்கள். மன்னிக்கவேண்டியவர் யார், மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார் என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. தீபத்தை ஏற்றிய இருவரும் குவாதலூப்பைப் பிறப்பிடமாகக் கொண்டவர்கள் என்பதில் அந்தத் தீவு மக்கள் அடைந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் இருபத்துநான்கு ஆண்டுகள் தாமதமாக வரும் மரியாதையை மரியாதை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

பத்திரிகைத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் செய்த பிழையை, எட்டாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் 'திருத்தம்' என்று போட்டு முடித்துக்கொள்வோம். நான் 2000 செப்டெம்பரில் போட்ட தலைப்புக்கு அத்தகைய திருத்தம்கூட வெளிவரவில்லை. யாரும் கேட்கவில்லை; நானும் எண்ணிப் பார்க்கவில்லை. இந்த வலைப்பக்கத்தில் எட்டாம் பக்கம் என்று ஒன்று இல்லை. ஆகவே இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மரி ஜோசே பெரெக் பயந்தோடிய ராணி அல்லர். ஒலிம்பிக் 400 மீற்றரை அடுத்தடுத்து இருமுறை வென்ற முதல் மனிதர். 1996 இல் அற்லாண்டாவில் ஒரு வாரத்துக்குள் எட்டு முறை ஓடி இரண்டு தங்கம் வென்றவர். ஒருமுறை அஞ்சினார், ஓடவில்லை. தலைப்பில் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன்.